ஸ்க்ரூடிரைவர் ஒரு ஸ்விட்ச் அல்ல

கம்ப்யூட்டர் வாங்கிய கொஞ்ச நாளிலேயே நம்மில் பலருக்குக் கை துறுதுறுக்கும். முதலில் கேபினெட்டைத் திறப்போம். அடுத்து, அலமாரியில் கிடக்கும் பழைய டிஜிட்டல் கேமரா. திறந்து பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. "பேட்டரியை எடுத்தாச்சு, இனிப் பயமில்லை" என்பார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டு பென்டார்ச் செல் தருவது 3 வோல்ட். ப்ளாஷ் விளக்குக்கு வேண்டியதோ சுமார் 300 வோல்ட். ப்ளாஷ் தயாராகும்போது மெல்லிய விசில் சத்தம் கேட்கிறதல்லவா? அப்போதுதான் வோல்டேஜ் உயர்ந்து கெபாசிட்டரில் சேர்கிறது. (மெக்கானிக்குகள் கண்டன்ஸர் என்பது இதைத்தான்.) 120 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் என்றால் 5.4 ஜூல். அற்பம்தான். ஆனால் அதை 1 மில்லி செகண்டில் கொட்டினால் சராசரியாக 5,400 வாட்! 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஐந்தை ஒன்றாகப் போட்டதைவிட அதிகம்.

இந்த வெள்ளத்தைத் திறந்து மூட நல்ல மதகு வேண்டும். விளக்கினுள் உள்ள ஸெனான் வாயு சாதாரணமாக மின்சாரத்தைக் கடத்தாது. சில ஆயிரம் வோல்ட் ட்ரிக்கர் துடிப்பு கொடுத்தால்தான் வழிவிடும். நிறுத்துவதுதான் கஷ்டம். பழைய ப்ளாஷ்களில் இருந்த தைரிஸ்டரை ஆன் செய்யலாம்; கரண்ட் அடங்கும்வரை அது தானாக ஆஃப் ஆகாது. பின்னர் வந்த ஐ.ஜி.பி.டி., 'வெளிச்சம் போதும்' என்றதும் பாதியிலேயே வெட்டிவிடும். மிச்சம் அடுத்த படத்துக்கு. என்னைக் கேட்டால், கேமரா விளம்பரங்களில் மெகாபிக்ஸலுக்குக் கொடுத்த இடத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

அந்த மிச்சம்தான் பேட்டரியை எடுத்த பிறகும் உள்ளே காத்திருக்கிறது. "ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்துவிடுங்கள்" என்று யோசனை சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். பெரிய பொறி பறக்கும், உலோகம் உருகித் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. விஷயம் தெரிந்த மெக்கானிக், தகுந்த ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு, மல்டிமீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைப்பார். மல்டிமீட்டர் இல்லையா? கேமராவை மூடியே வையுங்கள்.

கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் இதே ஜாதி. 230 வோல்ட் சப்ளை அதன் உள்ளே டி.சி.யாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் அது தங்கியிருக்கலாம். ஃபேனில் தூசியா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெளியிலிருந்தே ப்ளோயரால் ஊதுங்கள். பெட்டியே செத்துவிட்டால் புதிது வாங்கிப் போடுங்கள்.