இல்லமும் நலமும்: சிறிய சமையலறையைச் சிக்கனமாகச் சீர்திருத்துவோம்

வீட்டின் மற்ற அறைகளுக்கு ஓய்வு உண்டு, சமையலறைக்கு இல்லை. வைகறையில் காப்பிக்குப் பால் காய்ச்சும் நேரந்தொட்டு, இரவில் மறுநாளைய இட்டலிக்கு மாவைக் கரைத்து மூடி வைக்கும் நேரம் வரையில் அங்கே யாரேனும் ஒருவர் நின்றுகொண்டே இருக்கிறார். ஆயினும், வீட்டுக்கெனக் கையில் நாலு காசு சேரும்போது முதலில் நம் நினைவுக்கு வருவது கூடமும் வாயிலுந்தான். "அடுக்களையை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிச் சொல்லியே பத்தாண்டுகள் ஓடிவிடுகின்றன. அந்தப் பத்தாண்டுகளின் களைப்பு அங்கே நிற்பவரின் முதுகிலும் முழங்காலிலும் சேர்கிறது. ஆதலின் இம்மாதம் சிறிய சமையலறையைச் சிக்கனமாகச் சீர்திருத்தும் வகையை ஆராய்வோம்.

1806-ஆம் ஆண்டில் செகந்திராபாத்தில் படைமுகாம் அமைந்த நாள் தொட்டு, 1874-இல் வாடியிலிருந்து இரயில் பாதை வந்தபோதும், 1966 அக்டோபர் 2-ஆம் நாள் தென்மத்திய இரயில்வேக்கு இவ்வூர் தலைமையிடமானபோதும், தமிழ்க் குடும்பங்கள் இங்கே வந்து வேரூன்றியுள்ளன. மாரெட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் பழைய வீடுகளில் இருப்போர் உண்டு. இரயில்வே குடியிருப்பில் இருப்போர் உண்டு. அடுக்குமாடியில் இரண்டு அறை வீடு வாங்கியவர்களும் உண்டு. எவர் வீட்டிலும் சமையலறை மட்டும் பெரும்பாலும் கையகலமே. அதைப் புதுப்பிக்க வேண்டுமென்று விசாரித்தால், கடைக்காரர் பளபளக்கும் படங்களைக் காட்டி இலட்சங்களில் பேசுகிறார். ஓய்வுபெற்ற ஒருவர் தம் சேமநிதியை எடுத்து அங்கே கொட்டிவிட்டுப் பின்னர் மருத்துவச் செலவுக்குக் கைபிசைந்து நிற்பது நல்ல குடித்தனம் ஆகாது. அதற்காக ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் ஆகாது. இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது.

இடம் சிறிது என்று கலங்க வேண்டா. நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, உணவருந்தத் தனி இடம் உள்ள வீட்டில் சமையலறை 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் இருந்தால் போதும் என்கிறது. அதாவது ஏறக்குறைய 54 சதுர அடி. ஜெர்மனியிலுள்ள பிராங்க்பர்ட் நகரில் 1926-ஆம் ஆண்டில் மார்கரெத்தே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்னும் வியன்னாக் கட்டடக் கலைஞர், தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வகுத்தார். அதன் அளவு 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், ஏறக்குறைய 70 சதுர அடிதான். அத்தகைய சமையலறைகள் சுமார் 10,000 வீடுகளில் அமைந்தன. அவ்வம்மையார் முன்மாதிரியாகக் கொண்டவற்றுள் ஒன்று, இரயில் வண்டியின் உணவுப் பெட்டியிலுள்ள சமையற்கூடம். நீண்டு ஒடுங்கிய அவ்விடத்தில் எத்தனையோ பேருக்கு உணவு ஆக்குகிறார்களே, அது எங்ஙனம் இயலுகிறது என்று அவர் நோக்கினார். ஒரு வேலைக்கு எத்தனை அடி நடக்கிறோம், எத்தனை நொடி செல்கிறது என்று கணக்கிட்டார். இரயில்வேயை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் நிறைந்த நம் ஊருக்கு இந்தப் பாடம் அந்நியமானது அன்று.

முதல் வேலை: ஒரு வாரக் குறிப்பு

கொத்தனாரை அழைக்குமுன் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு, சமைப்பவர் படும் இடையூறுகளை எல்லாம் அதில் எழுதி வாருங்கள். சோறு வடிக்கக் கொதிக்கும் பானையை எத்தனை அடி தூக்கிச் செல்கிறார்? மாவரைக்கும் இயந்திரத்தை ஒவ்வொரு முறையும் எங்கிருந்து தூக்குகிறார்? எந்த டப்பாவை எடுக்க முக்காலி போடுகிறார்? மாலையில் காய் நறுக்கும்போது தம் நிழலே தம் கைமேல் விழுகிறதா? இக்கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவர் குடும்பத் தலைவரோ கடைக்காரரோ அல்லர். நாள்தோறும் அங்கே நிற்பவரே. அவர் மாமியாராயினும் மருமகளாயினும், வேலைக்குப் போய்வந்து சமைக்கும் மகனாயினும், அவர் வாக்கே முதல் வாக்கு.

அடுத்து, பாத்திரங்களை மூன்று வகையாகப் பிரியுங்கள். நாள்தோறும் எடுப்பவை, வாரந்தோறும் எடுப்பவை, பண்டிகைக்கும் விசேஷத்துக்கும் மட்டும் எடுப்பவை. நம் வீடுகளில் மூன்றாம் வகையே இடத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். சீர்வரிசையாக வந்த அண்டாவும் அடுக்கும் பரணுக்குப் போகட்டும். ஊரிலிருந்து பாட்டி கொடுத்தனுப்பிய அம்மியையும் ஆட்டுக்கல்லையும் எறிய மனம் வராது; எறியவும் வேண்டா. பால்கனி மூலையில் அவற்றுக்கு இடம் உண்டு. இந்தப் பிரிப்பு முடிந்ததும், புதிதாக அலமாரி வேண்டும் என்ற எண்ணமே பாதி குறைந்துவிடுவதைப் பல வீடுகளில் காணலாம். காசு செலவில்லாத சீர்திருத்தம் இதுவே.

மேடையின் உயரமும் வரிசையும்

மேடையின் உயரத்தைக் கொத்தனாரின் வழக்கத்துக்கு விட்டுவிடக் கூடாது. சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கட்டும். தரையிலிருந்து முழங்கை வரையுள்ள உயரத்தில் நான்கு முதல் ஆறு அங்குலம் குறைத்தால் அதுவே அவருக்குரிய மேடை உயரம். ஐந்தடி உயரமுள்ள பெண்மணிக்கு அது ஏறக்குறைய 33 அங்குலம் வரும். அடுப்புக்கே தனி உயரம் இருப்பதால், அடுப்பு வைக்கும் பகுதியைச் சில அங்குலம் தாழ்த்தினால், பெரிய பாத்திரத்தில் கிளறும்போது தோள் நோகாது. வரிசை, கழுவுதல், நறுக்குதல், சமைத்தல் என்றிருக்கட்டும். தொட்டிக்கும் அடுப்புக்கும் இடையே குறைந்தது இரண்டடி வெற்று மேடை இருந்தால் நறுக்கவும் இடம் உண்டு, சோறு வடிக்கவும் தூரம் குறைவு. அடுப்பைக் கிழக்கு நோக்கியோ அக்கினி மூலையிலோ வைக்க விரும்புவோர் அங்ஙனமே வைக்கலாம். அதற்காகச் சுவரை இடித்துக் கழிவுநீர்க் குழாயைத் திருப்புவதுதான் வீண் செலவு.

கல்லை அறிந்து வாங்குதல்

இவ்வூரில் வாழ்வோருக்குக் கல்லில் ஒரு பேறு உண்டு. தாண்டூர்க் கல், ஷாஹாபாத் கல், கடப்பைக் கல் ஆகிய மூன்றும் அருகிலிருந்தே வருகின்றன, விலையும் மிகையன்று. ஆனால் மூன்றும் சுண்ணாம்புக் கற்கள் என்பதை மறக்கலாகாது. நாமோ புளியும் எலுமிச்சையும் தக்காளியும் இல்லாமல் ஒரு வேளை சமைப்பதில்லை. புளிப்பு பட்டால் சுண்ணாம்புக் கல்லின் பளபளப்பு மங்கி, வெளிறிய தடம் விழும். ஆகவே மேடையின் மேற்பரப்புக்குக் கரீம்நகர்ப் பக்கத்துக் கிரானைட்டைப் போன்ற கடினக் கல்லே தக்கது. தரைக்கும் அலமாரித் தட்டுகளுக்கும் தாண்டூர், கடப்பைக் கற்கள் மிகப் பொருந்தும். ஐயம் எழுந்தால், கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து, அதன்மேல் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, ஓர் இரவு கழித்துத் துடைத்துப் பாருங்கள். தடம் விழுந்தால் அது மேடைக்கு ஆகாது. இதே காரணத்தால், பழைய ஷாஹாபாத் தரையை அமிலம் ஊற்றிக் கழுவுவதும் தவறு.

மேடைக்குக் கீழே மரப்பெட்டிகள் பொருத்துவதே இக்கால வழக்கம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தண்ணீர் பட்டால் ஊதிப்போகும். தொட்டியடியில் அது நெடுநாள் நிற்பது அரிது. ஒட்டுப்பலகைதான் வேண்டுமென்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அதனினும் சிக்கனமானது, சிறு செங்கற் சுவர்களை எழுப்பி இடையிடையே கடப்பைக் கல் தட்டுகளைச் செருகுவது. கரையான் அரிக்காது, ஈரத்துக்கு அஞ்ச வேண்டா, கதவுகளைப் பின்னொரு நாள் கையில் பணம் சேர்ந்தபோது போட்டுக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியாதவை முன்னே

பணத்தைச் செலவிடுவதில் ஒரே விதி: பின்னால் உடைத்தால்தான் மாற்ற முடியும் என்பவற்றை முதலில் செய்யுங்கள். குழாய், கழிவுநீர்ப் போக்கு, மின்கம்பி ஆகியவை சுவருக்குள் மறைபவை. இவற்றில் மிச்சம் பிடித்து ஓடுகளில் கொட்டினால், ஓராண்டில் கசிவு கண்டு அவ்வோடுகளையே உடைக்க நேரும்.

மின் அடுப்பு ஒன்று 2,000 வாட் இழுக்கும்; அஃதாவது ஏறக்குறைய 9 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் முளையில் அதைச் செருகினால் கம்பி சூடேறும். ஆதலின் 16 ஆம்பியர் முளைகள் இரண்டேனும், நல்ல நிலத்தொடர்போடு, தொட்டியிலிருந்து விலகி அமையட்டும். ஈரக் கையோடு புழங்கும் அறையாதலால், மின்கசிவு நேர்ந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் காப்புச் சாதனம் இருப்பது உயிருக்குக் காவல்.

எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆகவே உருளையை நிமிர்த்தித் தரைமட்டத்திலேயே வையுங்கள். அடுப்பு அதனினும் உயரத்தில் இருக்கட்டும். உருளை வைக்கும் அறைக்குக் கதவு போட்டால், கதவின் அடியில் காற்றுப் போகத் துளைகள் கட்டாயம். இரப்பர்க் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றுக. கசிவு தெரிந்தால் விளக்கைப் போடவோ அணைக்கவோ முயலாமல், ஜன்னலைத் திறந்து வெளியேறி 1906 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

சோறு வடிக்கும் வழக்கமுள்ள வீடுகளுக்கு இன்னொரு சொல். கொதிக்கும் கஞ்சியை நேரே தொட்டியில் கொட்டினால், கீழேயுள்ள பிளாஸ்டிக் குழாய் இளகி இணைப்புகள் நெகிழும். கஞ்சியைப் பாத்திரத்தில் பிடித்து ஆறவிடுவது குழாய்க்கும் நல்லது. பருத்திச் சேலைக்குக் கஞ்சி போடவும் ஆகும். ஆழ்குழாய் நீர் கடினமாதலால், மாநகராட்சி நீர் தனியே வரும் வீடுகளில் குடிப்பதற்கும் சமையலுக்கும் தனிக் குழாய் வைத்துக்கொள்வது நன்று.

கணக்கு

எட்டடிக்கு ஏழடி உள்ள அறையை எடுத்துக்கொள்வோம். இரு சுவர்களை ஒட்டி முழங்கை வடிவில் இரண்டடி அகல மேடை போட்டால் 26 சதுர அடிக் கல் வேண்டும். மேடைக்கு மேல் இரண்டடி உயரத்துக்கு மட்டும் ஓடு பதித்தால் 30 சதுர அடி. சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 33. நாலு சுவருக்கும் பத்தடிக் கூரை வரை ஓடு பதித்தாலோ, கதவு ஜன்னல் நீங்கலாகவே 270 சதுர அடியைத் தொடும். செலவு எட்டு மடங்குக்கு மேல். சாம்பாரின் ருசியோ அதேதான். மற்றச் சுவர்களுக்குக் கழுவக்கூடிய வர்ணம் போதும்.

கையில் நூறு ரூபாய் இருப்பதாகக் கொண்டால், நாம் சொல்லும் பங்கீடு இது: குழாய்க்கும் மின்சாரத்துக்கும் 30, மேடைக்கும் தொட்டிக்கும் 30, தட்டுகளுக்கு 20, ஓடு, வர்ணம், புகை போக்கும் விசிறி ஆகியவற்றுக்கு 10, எதிர்பாராச் செலவுக்கு 10. கடைசிப் பத்தை வேலை முடியும் வரையில் தொடலாகாது. சுவரை உடைத்த பின் என்ன தென்படும் என்று யார் அறிவார்? கடன் வாங்கித்தான் மிச்சம் செய்ய வேண்டும் என்றால், முதல் இரு பங்கை இவ்வாண்டும் ஏனையவற்றை மறு ஆண்டும் செய்க.

கூலி பேசும்போது மொழியிலும் கவனம் வேண்டும். இங்கே கொத்தனார் 'தாபி மேஸ்திரி', கல் 'பண்ட', குழாய் 'நல்லா', அடுப்பு மேடை 'கட்டு'. "கட்டு முப்பத்து மூன்று அங்குலம்" என்று வாயால் சொல்வதோடு நில்லாமல், சுவரில் கோடு கிழித்துக் காட்டுங்கள். கல்லின் விலையில் வெட்டுக்கூலியும் விளிம்பு மெருகும் அடக்கமா, இடிபாட்டை அள்ளுவது யார் பொறுப்பு என்பனவற்றை எழுத்தில் வாங்குங்கள். குழாய்ச் சாமான்களை இராணிகஞ்சில் நாலு கடை ஏறி இறங்கி நாமே வாங்கினால் தரமும் தெரியும், விலையும் தெரியும். மழை மாதங்களையும் பண்டிகை நாட்களையும் தவிர்த்து வேலையைத் தொடங்குக.

வாடகை வீட்டிலும் அலுவலகக் குடியிருப்பிலும் வாழ்வோர் சுவரில் கைவைக்குமுன் எழுத்து மூலம் அனுமதி பெறுதல் வேண்டும். அவர்கள் கையோடு எடுத்துச் செல்லக்கூடியவற்றிலேயே பணத்தைப் போடட்டும்: எஃகுத் தட்டுத் தாங்கி, சக்கரம் வைத்த சிறு மேசை, மேடைக்கு நேர்மேலே ஒரு நல்ல விளக்கு. இம்மூன்றுமே பாதிக் குறையைத் தீர்க்கும்.

ஊரைவிட்டு வந்த நமக்குத் தாய்மொழியும் தாய்ச்சுவையும் தங்கியிருக்கும் இடம் அடுக்களையே. நம் பிள்ளைகள் வெளியே தெலுங்கும் உருதுவும் பேசித் திரும்பி, "அம்மா, பசிக்கிறது" என்று தமிழில் சொல்லி நிற்பது அந்த வாசலில்தான். அங்கே நிற்பவர் முதுகு நோகாமல் நிற்க வேண்டும்; நிம்மதியாக நிற்க வேண்டும். அதற்கு வேண்டுவது பெரும் பொருள் அன்று. கொஞ்சம் யோசனையும் ஓர் அளவுநாடாவும், சமைப்பவரின் சொல்லுக்கு வீட்டார் கொடுக்கும் மதிப்புமே. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறவுங்கள்.