கம்ப்யூட்டர் படிக்கிறது, நாம் எழுதுகிறோமா?

பிள்ளைகள் படிக்கிறார்கள். இப்போது கம்ப்யூட்டரும் படிக்கிறது! இணையத்தில் மனிதர்கள் எழுதி வைத்திருப்பதுதான் அதற்குப் பாடப் புத்தகம்.

எப்படிப் படிக்கிறது?

"தாம்பரத்தில் இருந்து கடற்கரைக்கு மின்சார ரெயில் ஓடுகிறது." இதில் "ரெயில்" என்ற சொல்லை மறைத்துவிட்டு, "இங்கே என்ன சொல் வரும்?" என்று கம்ப்யூட்டரைக் கேட்கிறார்கள். அது "விளக்கு" என்றால் தவறு. உடனே அதன் உள்கணக்கு சிறிது திருத்தப்படும். இப்படிக் கோடிக்கணக்கான வாக்கியங்கள்! நாளடைவில், ரெயில்தான் ஓடும், விளக்கு எரியும் என்பது அதற்குப் பிடிபட்டு விடுகிறது.

பலகாரக் குழப்பம்

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார், 2010-ம் ஆண்டு ஒரு கம்ப்யூட்டரை இரவு பகலாக இணையத்தைப் படிக்க விட்டார்கள். நிறையக் கற்றது. ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. இணையத்தில் உலவும்போது கம்ப்யூட்டரில் பதியும் ஒரு வகைக் குறிப்புக்கு "குக்கி" என்று பெயர். அமெரிக்காவில் பிஸ்கட்டுக்கும் அதே பெயர். அந்தக் கம்ப்யூட்டர், குறிப்பையும் பலகாரம் என்றே எண்ணிக் கொண்டது! ஒரு தவறு பல தவறுகளைப் பெற்றது. மனிதர்கள் தலையிட்டுத் திருத்தினார்கள்.

தமிழின் நிலை என்ன?

சென்னை ஐ.ஐ.டி.யில் ஓர் ஆராய்ச்சிக் குழுவினர், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளைக் கம்ப்யூட்டருக்குக் கற்பிக்கிறார்கள். ஆனால் படிக்கக் கொடுக்கத் தமிழ் எழுத்து போதவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் 60 லட்சத்தைத் தாண்டிவிட்டன. தமிழில் 2 லட்சம்கூட எட்டவில்லை.

பல்லாவரத்தில் 1863-ம் ஆண்டு ராபர்ட் புரூஸ் பூட் பழங்காலக் கல் ஆயுதத்தைக் கண்டெடுத்தார். அதை எழுதி வைத்தார்கள். ஆகவே கம்ப்யூட்டரும் அறியும். ஆனால் உங்கள் ஊர் ஏரியின் மதகு எங்கே இருந்தது? எந்தத் தெரு முன்பு வயலாக இருந்தது? இது வீட்டில் உள்ள பாட்டிக்குத் தெரியும். எழுதாவிட்டால் பாட்டியோடு போய்விடும். நாளை பேரன் கம்ப்யூட்டரைக் கேட்பான். "தெரியாது" என்று சொல்லாமல், அது ஊகித்து எதையாவது சொல்லக் கூடும். பேரனும் நம்பிவிடுவான்!

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வாசகர்களே! பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். நாலு பேரிடம் விசாரித்துச் சரி பாருங்கள். பள்ளி ஆண்டு மலரிலும், நகர் நலச் சங்க மலரிலும் அச்சிடுங்கள். இணையத்திலும் ஏற்றுங்கள்.

உண்மையை எழுதினால் கம்ப்யூட்டர் உண்மையைப் படிக்கும். பொய்யை எழுதினால் பொய்யைத்தான் படிக்கும். பாடப் புத்தகம் எழுதுவது நாம்தான்.