அந்த மனுவில் என் கையெழுத்து இருக்காது

நம் கோவென்ட்ரித் தமிழ்ப் பெரியவர்கள் சிலர் ஒரு மனுவைச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். தெருமுனை பப்பின் பின்கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் வாசிக்கும் ஸ்கா இசைக்குழுவை நிறுத்த வேண்டுமாம். இரைச்சல், குடிகாரக் கூத்து, நம் பேரப்பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று மூன்று காரணங்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில் இரைச்சல். அரை இடம் தள்ளி எடுக்கும் பல்லவிக்குத் தொடையில் தாளம் போட்டு ரசிப்பவர்கள் நாம். ஸ்காவிலும் அதே குறும்புதான். கிடார் தட்டின் மேல் விழாது. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் 'சக், சக்' என்று விழும். அதனால்தான் கேட்பவன் கால் சும்மா இருப்பதில்லை. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1950களின் கடைசியில் பிறந்து, பிழைக்க வந்தவர்களோடு கப்பலேறி வந்த இசை அது. நாம் ஊறுகாய் ஜாடியையும் சுப்ரபாதக் கேசட்டையும் கொண்டுவந்த மாதிரி.

சத்தம் அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஆண்டு விழாவில் தவில் முழங்கும்போது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி மனு எழுதினாரா?

அடுத்து குடிகாரக் கூத்து. கால்பந்து நாட்களில் அதே பப்பில் குடிப்பதற்கு இது கால்வாசி வராது. அதற்கு யாரும் மனு போடவில்லை. இந்தக் குழுவில் ஏழு பிள்ளைகள். டிரம்போன் வாசிக்கும் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஆரம்பத்தில் இருபது பேர் கேட்டார்கள். இப்போது வாசலில் வரிசை நிற்கிறது. டிவி இல்லை, விளம்பரம் இல்லை. வியர்க்க வியர்க்க வாசித்துச் சேர்த்த கூட்டம். கட்டம் போட்ட தொப்பியோடு என் வயதுக்காரர்களும் அதில் ஆடுகிறார்கள்.

கடைசியாகப் பேரப்பிள்ளைகள். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

1977-ல் இந்த ஊரில் தொடங்கிய குழு தி ஸ்பெஷல்ஸ். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்றார்கள். அதைத் தொடங்கிய ஜெரி டாமர்ஸ் பிறந்தது எங்கே தெரியுமா? நம் ஊட்டியில், 1955-ல். 1979-ல் அவர் தொடங்கிய 'டூ டோன்' இசைத்தட்டு நிறுவனத்தின் கறுப்பு வெள்ளைக் கட்டம்தான் இன்றும் அந்தத் தொப்பிகளில் இருக்கிறது.

1981 ஏப்ரலில் நம் நகர மையத்தில் ஒரு பஞ்சாபி மாணவனை இனவெறியர்கள் குத்திக் கொன்றார்கள். அப்போது நான் இங்கே வேலையில் இருந்தேன். இருட்டிய பிறகு பஸ் நிறுத்தத்தில் தனியாக நிற்கப் பயந்த காலம். நமக்காக யார் வெளியே வந்தார்கள்? அந்த ஜூனில் பட்ஸ் மைதானத்தில் இன ஒற்றுமைக்காக வாசித்தது இந்த 'இரைச்சல்' குழுதான். அதில் கிடார் வாசித்த லின்வல் கோல்டிங், தானே இனவெறியர்களிடம் அடி வாங்கியவர்.

அடுத்த மாதம் அவர்களின் 'கோஸ்ட் டவுன்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. வேலையும் போய், ஆட்டபாட்டக் கூடங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, ஊரே பேயூராகிப் போனதைப் பற்றிய பாட்டு. இன்று பூட்டோடு நிற்கப்போகிறவர்கள் நாமா?

2021-ல் கோவென்ட்ரி கலாசார நகரமானபோது ஹெர்பர்ட் அருங்காட்சியகத்தில் டூ டோன் கண்காட்சி வைத்தார்கள். பெருமையாகப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டவர்களின் கையெழுத்து இந்த மனுவில் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் இருந்தால் பாரம்பரியம், தெருமுனையில் இருந்தால் தொல்லையா?

சட்டமும் மனுக்காரர்கள் பக்கம் முழுதாக இல்லை. 2018 முதல் இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கை சொல்வது இது: பழைய இசைக்கூடத்துக்குப் பக்கத்தில் புதுக் குடியிருப்பு கட்டினால், சத்தத்துக்கு வழி செய்ய வேண்டியவர் கட்டியவர். அந்தப் புது அடுக்குமாடி வருவதற்கு வெகு முன்பிருந்தே பின்கூடம் இருக்கிறது.

தூக்கம் கெடுகிறது என்பது நியாயமான குறை. பதினொரு மணிக்கு முடிக்கச் சொல்லுங்கள், பின் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி கேளுங்கள். அப்படி ஒரு கடிதம் எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது. குழுவையே ஒழிக்க வேண்டும் என்றால், என் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம்.