இரண்டு முயல் வாங்கினால் ஜோடி ஆகிவிடுமா?

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களைப் பற்றி நம் ஊரில் பழமொழி உண்டு. முயல் வளர்ப்பவர்களில் இன்னொரு வகை உண்டு. தாங்கள் வாங்கி வந்த இரண்டும் ஜோடிதான் என்று சாதிப்பவர்கள்!

கடையில் நடப்பது இதுதான். கம்பிக் கூண்டுக்குள் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடக்கும். "ஜோடியா எடுத்துக்கோங்க சார், தனியா இருந்தா ஏங்கிப் போயிடும்" என்பார் கடைக்காரர். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. அவர் சொல்லாமல் விடும் மீதிப் பாதியில்தான் சிக்கலே இருக்கிறது.

தமிழில் முயல் என்ற ஒரே சொல்லால் இரண்டு விலங்குகளைக் குறிக்கிறோம். நம் காடுமேடுகளில் ஓடும் காட்டு முயல் பெரும்பாலும் தனியாகத் திரிவது. அதைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடையில் விற்கும் முயலோ, ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து ஐரோப்பிய முயலின் வழி வந்தது. அது மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் இனம். அந்தக் கூட்டத்தில் யார் பெரியவர், யார் சின்னவர் என்ற வரிசை உண்டு. எல்லையும் உண்டு. வேற்று முயல் உள்ளே நுழைந்தால் துரத்தித் துரத்திக் கடிக்கும். துணையும் வேண்டும், அந்நியரும் ஆகாது! இரண்டும் ஒரே பிராணியின் குணம்.

குட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தவையும் நான்கு முதல் ஆறு மாத வயதுக்குள் பருவத்துக்கு வந்துவிடும். இரண்டும் ஆண் என்றால் ஒரு காலையில் கூண்டெல்லாம் ரோமமும் ரத்தமுமாக இருக்கும். ஆணும் பெண்ணும் என்றால் சினைபிடித்த சுமார் 31 நாளில் குட்டிகள். ஒரு ஈற்றில் ஐந்தாறு சாதாரணம். ஈன்ற அன்றே தாய் மறுபடியும் சினையாக முடியும். ஒரு பால்கனி, ஒரு வருடம்... கணக்கைப் போட்டுப் பாருங்கள். குட்டியில் ஆண், பெண் கண்டுபிடிப்பதும் கஷ்டம். கடைக்காரர் சொன்னது மாறிப்போவது சகஜம்.

ஆகவே முதல் வேலை கூண்டு வாங்குவதல்ல, கருத்தடை அறுவை சிகிச்சை. பெண் முயலுக்கு வயதாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் அதிகம் வருகிறது என்பதால் இது அதன் உயிரையும் காக்கும். முயலுக்கு அறுவை செய்து பழகிய மருத்துவரைத் தேட வேண்டும். "முந்தின நாள் பட்டினி போடணுமா டாக்டர்?" என்று கேட்டுப் பாருங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, பட்டினி அதற்கு ஆபத்து. "வேண்டாம்" என்று சொல்பவருக்கு முயலைத் தெரியும். அறுவைக்குப் பிறகும் சில வாரங்கள் ஆண் முயலுக்குச் சினைப்படுத்தும் திறன் இருக்கும். அதுவரை பிரித்தே வைக்க வேண்டும்.

பிறகுதான் அறிமுகம். பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகளில், கடிக்க முடியாத இடைவெளியில் வையுங்கள். படுக்கைத் துணியை மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்றின் வாசனை மற்றதற்குப் பழகும். அடுத்து, இரண்டுமே இதுவரை கால் வைக்காத ஓர் இடத்தில், தினமும் சில நிமிடங்கள் மட்டும் சந்திக்க விடுங்கள். லேசாகத் துரத்துவதும் மேலே ஏறுவதும் வரிசையைத் தீர்மானிக்கும் பேச்சுவார்த்தை. காதைப் பின்னால் மடித்து, வாலைத் தூக்கி, ஒன்றையொன்று வட்டமடித்தால் அது சண்டையின் ஆரம்பம். கனத்த துண்டைக் குறுக்கே போட்டுப் பிரிக்க வேண்டும். வெறுங்கையை நீட்டினால் விரலில் பல் இறங்கும்.

இதற்குச் சிலர் குறுக்குவழி சொல்கிறார்கள். இரண்டையும் ஒரு பெட்டியில் போட்டுக் காரில் சுற்றினால் பயத்தில் ஒட்டிக்கொள்ளுமாம்! ஒட்டிக்கொள்ளும்தான். ஆனால் அது நட்பல்ல, நடுக்கம். பயந்த முயல் சாப்பாட்டை நிறுத்திவிடும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலே குடல் இயக்கம் நின்று உயிருக்கே ஆபத்தாகலாம். நமக்கு இரண்டு வாரம் மிச்சமாக, அது ஏன் அந்த விலையைக் கொடுக்க வேண்டும்?

சில ஜோடிகளுக்குச் சில நாள் போதும். சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். ஒன்று தலையைத் தாழ்த்த, மற்றது அதன் நெற்றியை நக்கிவிடும் நாளில்தான் அவை உண்மையில் ஜோடி. அதன்பின் ஒன்றை மருத்துவரிடம் கொண்டுபோனால்கூட இன்னொன்றும் கூடவே போக வேண்டும். தனியாகப் போய் வேறு வாசனையோடு திரும்பினால், பழைய துணையே அதை அந்நியராக நினைத்துவிடலாம்.

எவ்வளவு முயன்றும் சேராத முயல்களும் உண்டு. அவற்றை அடுத்தடுத்த கூண்டில் வைத்து வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள இடமும் மனமும் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. முயல் எட்டு, பத்து வருடம் வாழும் பிராணி. பிறந்தநாள் பரிசாகக் கேட்ட குழந்தை, கல்லூரிக்குப் போகும்போதும் அது வீட்டில் இருக்கும்.

கடைக்காரருக்கு ஜோடி என்பது ஒரு விலை. முயலுக்கு அது ஒரு வாழ்க்கை. வாங்குபவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்!