திறந்து கிடக்கும் துறைகள்

'வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் வாங்கிப் போட்டாயிற்று, இனிக் கவலையில்லை' என்று எழுத்தாள நண்பர்கள் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். தாயத்துக் கட்டிக்கொண்டு, வாசற்கதவைத் தாழிடாமல் உறங்குபவனின் நிம்மதி இது.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடல் எந்நாளும் திறந்து கிடந்ததில்லை. அதிகாரிகள் பார்களில் மாதிரிச் சிப்பிகளை எடுத்துச் சோதிப்பார்கள். முத்துத் தேறும் என்று கண்டால் மட்டுமே சலாபம் அறிவிக்கப்படும். தேறாவிட்டால் ஆண்டுக்கணக்கில் அனுமதி கிடையாது. மூடியிருப்பதே இயல்பு, திறக்கத்தான் காரணம் வேண்டும் என்பது அக்கரையின் நெறி. கணினி நிறுவனங்கள் இதைத் தலைகீழாக்கின.

கணினியின் 'போர்ட்'டையும் தமிழில் துறை என்றே சொல்கிறோம். 0 முதல் 65,535 வரை எண்ணிட்ட துறைகளில், ஏதேனும் ஒரு சேவை அழைப்புக்குக் காத்திருக்கும் துறையே திறந்த துறை. 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, வீட்டுப் பயனர் கேள்விப்பட்டேயிராத சேவைகளை இயக்கிவிட்டு, தீயரணை முடக்கி வைத்திருந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு 135 ஆம் துறை வழியே நுழைந்தது. 2004 இல் சாஸர் 445 ஆம் துறை வழியே. எந்த மின்னஞ்சலையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. கணினி இணையத்தில் இருந்ததே போதுமானதாயிற்று. தீயரண் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது 2004 ஆகஸ்டுக்குப் பிறகுதான்.

பாடம் கற்றோமா? 2017 மே 12 அன்று வானாக்ரை அதே 445 ஐப் பயன்படுத்தியது. நுழைந்த வழி, கோப்புகளைப் பகிர்வதற்கான எஸ்எம்பி நெறிமுறையின் முதற்பதிப்பு, 1980களின் சரக்கு. பெரும்பாலான வீடுகளுக்கு அது தேவையே இல்லை. ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யாவும் அதே ஓட்டையைத் தன் வழிகளுள் ஒன்றாகக் கொண்டது. மேர்ஸ்க் நிறுவனம் முடங்க, மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அது நடத்திய சரக்குப் பெட்டக முனையமும் தடுமாறியது. அந்த ஆண்டின் இறுதியில்தான் புதிய விண்டோஸ் 10 நிறுவல்களிலிருந்து அப்பதிப்பு நீக்கப்படத் தொடங்கியது.

'என்னிடம் களவாட என்ன இருக்கிறது?' என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புழு ஆள் பார்த்து வருவதில்லை. 'ரௌட்டர் காக்கும்' என்பதும் பாதி உண்மையே. வெளியிலிருந்து வருவதை அது தடுக்கலாம். அதே வீட்டில் நோயுற்ற இன்னொரு கணினியையோ, விடுதியின் பொது வைஃபையையோ அது என்ன செய்யும்?

செய்ய வேண்டியது எளிது. விண்டோஸ் அம்சங்களின் பட்டியலில் எஸ்எம்பி முதற்பதிப்பு இருந்தால் நீக்குங்கள். கோப்பு, அச்சுப்பொறிப் பகிர்வையும் தொலைநிலை அணுகலையும் தேவையில்லையெனில் அணையுங்கள். ஒரு சேவையை நிறுத்துமுன் அது எதற்கென்று படியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அனைத்தையும் முடக்கினால் அச்சுப்பொறியும் ஊமையாகும். பழைய எழுத்துருவுக்காக எக்ஸ்பியைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் அந்தக் கணினியை இணையத்திலிருந்து பிடுங்கிவிடுவதே நலம். 2014 ஏப்ரலோடு அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது.

முதற்குற்றம் திறந்துவைத்து விற்றவர்களுடையதுதான். ஆயினும் அச்சேறாத நாவலும், ஆண்டுகள் பல உழைத்து வருடியெடுத்த சிற்றிதழ்ப் பக்கங்களும் இருப்பது நம் கணினியில். அவற்றுக்கு வேறு பிரதி இல்லையென்றால், இழப்பு விற்றவருக்கு அல்ல, தமிழுக்கு.