லோரி ஓட்டப் பழகும் நம் பிள்ளைகள்: முதல் டிரிப்புக்கு முன் கேட்க வேண்டியவை

எஸ்.பி.எம். முடித்து, மேலே படிக்க வழியில்லாத நம் இளைஞர்கள் பலர் தேடிப் போகும் வேலைகளில் ஒன்று நெடுந்தூர லோரி. தோட்டங்கள் விற்கப்பட்டு, மேம்பாடு என்ற பெயரில் நம் மக்கள் வெளியேற்றப்பட்ட பிறகு, கிள்ளானிலும் பிறையிலும் பாசிர் கூடாங்கிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு லோரிதான் சோறு போடுகிறது. செய்யும் தொழிலில் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் தொழில் பழகும் முதல் மாதங்களில் நம் பிள்ளைகள் எப்படி நடத்தப்படுகிறார்கள்?

ஜிடிஎல் லைசன்ஸ் கிடைத்துவிட்டால் ஒருவர் நெடுந்தூர டிரைவர் ஆகிவிடுவதில்லை. முழுப் பாரத்தோடு ஈப்போவுக்கு வடக்கே மெனோரா சுரங்கப்பாதைப் பக்கத்து இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்தக் கியரில் இறங்குவது, டிரெய்லரை எப்படி ரிவர்ஸ் எடுப்பது, கொண்டேனர் பூட்டுகளை எப்படிச் சரிபார்ப்பது, தூக்கம் வந்தால் எங்கே நிறுத்துவது? இவையெல்லாம் மூத்த டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர வேண்டியவை.

நடப்பது என்ன? "கெலிண்டானாகக் கூடப் போ, பார்த்துப் பழகிக்கொள்" என்கிறார்கள். நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. சாப்பாட்டுக்கு மட்டும் காசு. சில டிரிப்புகள் கழித்துச் சாவியைக் கொடுத்துத் தனியே அனுப்பிவிடுகிறார்கள்.

அதன் பிறகு விபத்து நடந்தால் கூண்டில் நிற்பது யார்? ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்தால், 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41(1) பிரிவின்படி 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம். 2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றி வந்த லோரி மோதி, கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் இறந்தனர். மூன்றே நாளில் டிரைவர் இதே பிரிவின் கீழ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அந்த லோரியில் அளவுக்கு மீறிய பாரம் இருந்ததையும் ஸ்டியரிங் கோளாறையும் விசாரணைக் குழு பின்னர் வெளியிட்டது. பாரத்தையும் பழுதுபார்ப்பையும் தீர்மானிப்பது சம்பளத்துக்கு ஓட்டுபவர்களா?

பெற்றோர்களே, சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்ளுங்கள்:

1. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலையையும் நேரத்தையும் முதலாளி கட்டுப்படுத்தினால், உங்கள் பிள்ளை தொழிலாளி என்றே 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 101சி பிரிவு கருதும். 2023 ஜனவரி 1 முதல் இது நடப்பில் இருக்கிறது. "பயிற்சிதானே" என்று தட்டிக்கழிக்க விடாதீர்கள்.

2. டிரிப் கணக்கில் சம்பளம் பேசினாலும் மாதத்துக்கு 1,700 ரிங்கிட்டுக்குக் குறையக் கூடாது. 2025 ஆகஸ்ட் 1 முதல் சிறு முதலாளிகளுக்கும் இது பொருந்தும். உடைந்த சரக்குக்கும் வெடித்த டயருக்கும் முதலாளி தன் இஷ்டம்போல் சம்பளத்தில் பிடிக்க 24ஆம் பிரிவு இடம் தரவில்லை.

3. வேலைக்குச் சேர்ந்த 30 நாளுக்குள் முதலாளி சொக்சோவில் பதிய வேண்டும். பதிந்தாரா என்று நீங்களே பெர்கேசோ அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பிள்ளை கை கால் இழந்து படுத்த பிறகு தேட வேண்டிய காகிதம் அல்ல அது.

4. உரிய லைசன்ஸ் இல்லாதவரை ஓட்டச் சொல்லும் முதலாளியும் 26ஆம் பிரிவின்படி குற்றவாளி. "ராத்திரிதானே, ஜேபிஜே இருக்காது, கொஞ்ச தூரம் ஓட்டு" என்றால் மறுத்துவிடச் சொல்லுங்கள்.

5. பயிற்சியும் மேற்பார்வையும் தர வேண்டியது முதலாளியின் கடமை என்கிறது 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த 26ஏ பிரிவின்படி, உடனடி ஆபத்தை எடுத்துச் சொல்லியும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். பிரேக் பிடிக்காத லோரியை ஓட்ட மாட்டேன் என்று சொல்வது சோம்பேறித்தனம் அல்ல. அது உரிமை!

சட்டம் இவ்வளவு இருந்தும் ஏன் மீறப்படுகிறது? கேட்பதற்கு ஆள் இல்லை என்ற தைரியம்தான். கேட்டால் வேலை போய்விடுமோ என்று நம் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். தனியாக ஒருவர் கேட்டால் துரத்துவது சுலபம். ஒரே யார்டில் ஓட்டும் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அது அவ்வளவு சுலபமல்ல.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது ஒன்றுதான். புதிய டிரைவர் தனியே புறப்படும் முன், சம்பளத்தோடு கூடிய, பதிவேட்டில் எழுதப்பட்ட சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள். சொல்லித் தரும் மூத்த டிரைவருக்கும் அதற்கான சம்பளம் கொடுக்கச் செய்யுங்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் உங்கள் பிள்ளை லோரி வேலைக்குப் போகிறான் என்றால், நியமனக் கடிதத்தைக் கேட்கச் சொல்லுங்கள். எந்த நாள், எந்த லோரி, எங்கிருந்து எங்கே, எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். சம்பளம் தராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. அந்த நோட்டுப் புத்தகமே உங்கள் சாட்சி.