நெசவாளியும் அவன் மனைவியும்

போன வாரம் நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். 1800-களின் தொடக்கத்தில் வரைந்த தஞ்சாவூர்க் கம்பெனி ஓவியம். ஓர் ஆண், பக்கத்தில் ஒரு பெண். 'நெசவாளியும் அவன் மனைவியும்'. "உங்க காஞ்சிபுரத்துக்காரங்க மாதிரியே இருக்காங்க, செம அழகு!" என்று இதயம் வேறு போட்டிருந்தார். அழகுதான். எனக்கு வந்தது எரிச்சல்.

அதே காலத்தில், 1802 முதல் 1807 வரை, ஜார்ஜ் சின்னரி மதராஸில் இருந்தார். கம்பெனி சீமான்களையும் சீமாட்டிகளையும் வரைந்து பிழைத்தவர். அவர்கள் வழக்கத்தில் ஜோடி ஓவியம் என்றால் துரைக்கு ஒரு கான்வாஸ், துரைசானிக்கு ஒன்று, எண்ணெய் வண்ணத்தில்; ஒருவரையொருவர் பார்த்தபடி சுவரில் மாட்டுவார்கள். அந்த ஜோடிகளுக்குப் பெயர் உண்டு, வம்சம் உண்டு. நம் ஜோடிகளுக்கு? சாதி, தொழில், அவ்வளவுதான். குயவனும் மனைவியும், தச்சனும் மனைவியும். ஆள் இல்லை, சாம்பிள். வரைந்த தஞ்சாவூர்க்காரர்களின் பெயரும் பெரும்பாலும் கிடையாது. சின்னரி கடன் தொல்லையில் 1825-இல் மக்காவுக்கு ஓடியதுவரை நமக்குத் தெரியும்.

"அந்தக் காலம் அப்படி பாஸ்" என்பார்கள். சும்மா சொல்லாதீர்கள். 1816-இல் தாமஸ் ஹிக்கி, கர்னல் மெக்கன்சியை மூன்று இந்தியர்களோடு வரைந்தார். அதில் காவலி வெங்கட லட்சுமய்யா, சமணப் பண்டிதர் தர்மய்யா என்று பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறார்கள். மெக்கன்சிக்கு அவர்கள் வேலை தேவைப்பட்டது, பெயர் காகிதத்தில் ஏறியது. எழுத மனசிருந்தால் எழுதலாம்.

வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டு எழுந்து போய்விடலாம்தான். ஆனால் நான் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா. அப்பா தறியில் உட்கார்ந்தால், பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளியது அம்மா. இருபது வருஷம். தார் சுற்றியதும் அவள்தான். கூலி எழுதிய பாஸ்புக்கில் அப்பா பெயர் மட்டும். அம்மா அங்கேயும் 'அவன் மனைவி'. நானும் கல்லூரி விண்ணப்பத்தில் அப்பாவின் தொழில் நெசவு, அம்மாவின் தொழில் 'இல்லத்தரசி' என்று எழுதிக் கொடுத்தவன்தான்.

அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கண்டாங்கி நல்லா கட்டியிருக்கா. யாருடா இவ?" என்றாள்.

ஊருக்குப் போனபோது பெரிய கடை ஒன்றில், புடவை அட்டையில் நெய்தவர்கள் பெயரைப் போட்டால் என்ன என்று கேட்டேன். பட்டு முத்திரை, ஜரிகை விவரம், பார்கோடு, விலை எல்லாம் இருக்கிற அட்டை அது. இரண்டு பெயருக்கு இடம் போதாதாம்.